காவலை முடக்கும் கோப்புகள்: சுருக்கக் குண்டின் வரலாறு

சுருக்கக் குண்டு என்பது, அளவில் மிகச் சிறியதாக இருந்து, திறக்கும் மென்பொருளின் நினைவகத்தையோ வட்டையோ நேரத்தையோ முழுமையாக விழுங்கிவிடும்படி அமைக்கப்பட்ட கணினிக் கோப்பு ஆகும். இது நச்சுநிரல் அன்று. கடவுச்சொல்லைத் திருடாது, எந்தக் கோப்பையும் அழிக்காது, தன்னைத்தானே படியெடுத்துக்கொள்ளாது. தன்னைத் திறக்க வரும் மென்பொருளை அதன் வேலையைக் கொண்டே களைத்து வீழ்த்துவது மட்டுமே இதன் செயல். கணினிப் பாதுகாப்புத் துறையில் இவ்வகைத் தாக்குதல் சேவை மறுப்புத் தாக்குதல் எனப்படுகிறது.

இவற்றுள் புகழ்பெற்றது 42.ஜிப். அதன் அளவு 42,374 பைட்டு. கைப்பேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் படத்தைவிடப் பல மடங்கு சிறியது. ஆனால் அதை அடிமட்டம் வரை விரித்தால் ஏறத்தாழ 4.5 பெட்டாபைட்டு, அதாவது ஒரு டெராபைட்டுக் கொள்ளளவுள்ள வட்டுகள் 4,500 நிறையும் அளவு தரவு வெளிப்படும்.

இத்தகைய கோப்புகளால் முதலில் பாதிக்கப்படுபவை பெரும்பாலும் காவல் மென்பொருள்களே. வரும் கோப்பு ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துச் சோதிப்பது அவற்றின் கடமை. அந்தக் கடமையே அவற்றின் வலுவற்ற இடமாகவும் அமைகிறது. சுருக்கக் குண்டின் வரலாறு, கோப்பு தன்னைப் பற்றிச் சொல்லும் சொல்லை மென்பொருள் எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வியின் வரலாறும் ஆகும்.

சேவை மறுப்பு எனும் குறைபாடு

தகவல் பாதுகாப்பில் மூன்று நோக்கங்கள் அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன: தகவல் உரியவரைத் தவிரப் பிறர் கைக்குப் போகக்கூடாது, தகவல் திரிக்கப்படக்கூடாது, தேவைப்படும்போது தகவல் கிடைக்க வேண்டும். சேவை மறுப்பு மூன்றாவதைத் தாக்குகிறது.

பொதுவாகச் சேவை மறுப்பு என்றதும், ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே நேரத்தில் ஒரு வழங்கியை மொய்த்துத் திணறடிப்பதே நினைவுக்கு வரும். கோப்புவழித் தாக்குதலுக்கு அவ்வளவு படை தேவையில்லை. ஒரே ஒரு கோப்பு போதும். அதைப் படிக்கும் மென்பொருள் மூன்று வழிகளில் முடங்கக்கூடும். ஒன்று, எல்லை மீறிய நினைவகப் பகுதியைத் தொட்டு உடனே செயலிழத்தல். இரண்டு, முடிவே இல்லாத சுழலில் சிக்கிக்கொள்ளுதல். மூன்று, நினைவகமும் வட்டும் தீரும்வரை விரிந்துகொண்டே போதல். சுருக்கக் குண்டு மூன்றாம் வகையைச் சேர்ந்தது.

இக்குறைபாடுகள் நெடுங்காலம் இரண்டாந்தரமாகவே மதிக்கப்பட்டன. தரவைத் திருடவோ கணினியைக் கைப்பற்றவோ வழிவிடும் குறைபாடு அவசரமாகத் திருத்தப்படும். "நிரல் நின்றுபோகிறது, அவ்வளவுதானே, மறுபடி இயக்கினால் சரியாகிவிடும்" என்று இவை ஒத்திப்போடப்படும். இந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பது பின்னாளில் தெரியவந்தது.

1988: இடியும் மழையும் தந்த பாடம்

முறைபிறழ்ந்த உள்ளீடு மென்பொருளை வீழ்த்தும் என்பதை முறையாக ஆராய்ந்த முதல் முயற்சிகளுள் ஒன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 1988-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு புயல் இரவில், அங்குப் பேராசிரியராக இருந்த பார்ட்டன் மில்லர், மேடிசன் நகரிலுள்ள தம் வீட்டிலிருந்து தொலைபேசி இணைப்பு வழியாகப் பல்கலைக்கழகக் கணினியில் பணியாற்றிக்கொண்டிருந்தார். மின்னலால் இணைப்பில் இரைச்சல் புகுந்தது. அவர் தட்டச்சு செய்த எழுத்துகளுக்கு நடுவே பொருளற்ற குறிகள் கலந்து சென்றன. அதில் அவருக்கு வியப்பில்லை. அந்தக் குறிகளைப் பெற்ற அன்றாட யுனிக்ஸ் நிரல்கள், "இது தவறான உள்ளீடு" என்று சொல்லி மறுக்காமல் விழுந்துபோனதே அவருக்கு வியப்பளித்தது.

இதையே மாணவர்களுக்கு ஆய்வுப் பணியாகக் கொடுத்தார். கண்மூடித்தனமான குறிகளை உற்பத்தி செய்யும் ஒரு கருவியை எழுதி, யுனிக்ஸின் பல பதிப்புகளில் ஏறத்தாழ 90 நிரல்களுக்கு அவற்றை ஊட்டினர். 1990-இல் வெளியான ஆய்வு முடிவின்படி, சோதித்த ஒவ்வொரு பதிப்பிலும் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையிலான நிரல்கள் விழுந்தன அல்லது உறைந்து நின்றன. காரணங்களும் எளியவையே. வரிசையின் எல்லையைச் சரிபார்க்காமல் எழுதுவது, பிழை நேர்ந்ததா என்று பாராமல் அடுத்த படிக்குப் போவது போன்றவை முதன்மையாக இருந்தன. உள்ளீடு ஒழுங்காகவே இருக்கும் என்ற நம்பிக்கையே எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது.

மில்லர் இம்முறைக்கு இட்ட 'ஃபஸ்' என்ற பெயரிலிருந்து 'ஃபஸ்ஸிங்' எனும் சோதனை முறை பிறந்தது.

சுருக்கும் கலை

மில்லரின் குறிகள் பொருளற்றவை. சுருக்கக் குண்டோ பொருளுள்ளது. இலக்கணத்தை மீறாமலே தாக்கவல்லது. அது எப்படி முடிகிறது என்பதை அறியக் கோப்புச் சுருக்கம் பற்றிச் சிறிது தெரிந்திருக்க வேண்டும்.

1977-இல் இசுரேலைச் சேர்ந்த ஜேக்கப் ஸிவ், ஆபிரகாம் லெம்பெல் இருவரும் ஒரு சுருக்க முறையை வெளியிட்டனர். ஏற்கெனவே வந்த தொடர் மீண்டும் வரும்போது அதை முழுதாக எழுதாமல், "இத்தனை எழுத்து பின்னே போய், அங்கிருந்து இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்" என்று குறிப்பது அதன் சாரம். இதனோடு, அடிக்கடி வருவதற்குக் குறுகிய குறியும் அரிதாக வருவதற்கு நீண்ட குறியும் தரும் டேவிட் ஹஃப்மனின் 1952-ஆம் ஆண்டு முறையைச் சேர்த்து உருவாக்கப்பட்டதே 'டிஃப்லேட்'. ஜிப் கோப்பு வடிவத்தை 1989-இல் அறிமுகப்படுத்திய ஃபில் காட்ஸ் வகுத்த முறை இது. 1996-இல் இணையத்தின் பொதுத் தர ஆவணங்களுள் ஒன்றாகவும் வெளியாயிற்று.

டிஃப்லேட் முறையில் ஒரு மேற்கோள் அதிகபட்சம் 258 பைட்டுகளைக் குறிக்கலாம். அம்மேற்கோளை மிகக் குறைந்தது இரண்டு பிட்டுகளில் எழுதிவிடலாம். ஒரு பைட்டில் எட்டுப் பிட்டுகள். எனவே ஒரு பைட்டில் நான்கு மேற்கோள்கள். 258-ஐ நான்கால் பெருக்கினால் 1,032. ஆக, சுருக்கக் கோப்பின் ஒரு பைட்டு விரியும்போது அதிகபட்சம் 1,032 பைட்டுகள் ஆகலாம். கதை, கணக்கு, படம் போன்ற உண்மையான தரவு இந்த உச்சத்தை நெருங்குவதே இல்லை. வெறும் சுழியம் மட்டுமே நிறைந்த கோப்பு நெருங்கும்.

சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவர் அரசனிடம் முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்த கட்டத்துக்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று பரிசு கேட்ட கதை நாமறிந்தது. கேட்கும்போது சிறிதாகத் தோன்றிய வேண்டுகோள், அளக்கத் தொடங்கியபின் களஞ்சியத்தையே காலி செய்துவிட்டது. சுருக்கக் குண்டின் தந்திரமும் அதுவே. வேண்டுகோளை எழுத ஆகும் செலவு மிகக் குறைவு. அதை நிறைவேற்ற ஆகும் செலவு மிக அதிகம். முதற்செலவு தாக்குபவருடையது, இரண்டாம் செலவு தாக்கப்படுபவருடையது.

42.ஜிப்: கடமை தவறாதவருக்கு வைத்த பொறி

1,032 மடங்கு என்பது பெரிய எண்தான்; ஆனால் 42 கிலோபைட்டைப் பெட்டாபைட்டுகளாக்க அது போதாது. 2000-களின் தொடக்கத்திலேயே பரவலாக அறியப்பட்டிருந்த 42.ஜிப் இதற்கு ஒரு வழி கண்டது. ஜிப்புக்குள் ஜிப்பை வைப்பதே அவ்வழி. வெளிக்கோப்பினுள் 16 ஜிப் கோப்புகள். அவை ஒவ்வொன்றினுள்ளும் 16. இவ்வாறு ஐந்து அடுக்கு. அடிமட்டத்தில் ஒவ்வொன்றிலும் 4.3 ஜிகாபைட்டுக் கோப்பு ஒன்று. பதினாறை ஐந்து முறை பெருக்கினால் 10,48,576. அத்தனை கோப்புகளும் சேர்ந்தே 4.5 பெட்டாபைட்டு ஆகின்றன. எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றைத் திரும்பத் திரும்பச் சுருக்குவது எளிதாகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு மனிதர் இக்கோப்பை ஒருமுறை விரித்தால் அவருக்குக் கிடைப்பது 16 சிறிய ஜிப் கோப்புகள் மட்டுமே. மொத்தம் சுமார் 5.6 லட்சம் பைட்டு. கணினிக்கு எந்தத் தீங்கும் இல்லை. அவர் அடுத்தடுத்து லட்சக்கணக்கான கோப்புகளைக் கையால் திறந்துகொண்டிருக்கப் போவதில்லை. ஆனால் ஆன்டிவைரஸ் மென்பொருள் அப்படி நிறுத்தாது. ஜிப்புக்குள் ஜிப்பாக ஒளித்து நச்சுநிரல் அனுப்புவது பழைய உத்தி என்பதால், அடிமட்டம் வரை இறங்கிப் பார்ப்பதே அதன் வேலை. எனவே 42.ஜிப்பால் அலட்சியக்காரருக்கு ஆபத்தில்லை. கடமை தவறாத காவலருக்கே ஆபத்து.

மின்னஞ்சல் வழங்கிகளில் இது கடுமையான சிக்கலாயிற்று. அங்கு ஆன்டிவைரஸ் எவருடைய அனுமதிக்காகவும் காத்திருப்பதில்லை. பெறுநர் திறக்கும் முன்பே இணைப்புக் கோப்பைத் தானாகவே விரித்துச் சோதிக்கிறது. ஆகவே யாரும் எதையும் சொடுக்காமலே, ஒரு மின்னஞ்சலால் ஒரு நிறுவனத்தின் அஞ்சல் போக்குவரத்தை நிறுத்த முடிந்தது.

இதற்கு விடையாக ஆன்டிவைரஸ் உருவாக்குநர்கள் வரம்புகளை வைத்தனர். இத்தனை அடுக்குக்கு மேல் இறங்குவதில்லை, இத்தனை மெகாபைட்டுக்கு மேல் விரிப்பதில்லை, இத்தனை கோப்புகளுக்கு மேல் எண்ணுவதில்லை என்பன அவை. ஆனால் வரம்பு ஒரு புதிய கேள்வியைக் கொண்டுவந்தது. வரம்பை எட்டிய கோப்பை என்ன செய்வது? உள்ளே விட்டால், வரம்புக்கு அடுத்த அடுக்கில் நச்சுநிரலை வைத்து அனுப்புவார்கள். தடுத்து நிறுத்தினால், நேர்மையாகப் பெரிய கோப்பை அனுப்பியவரின் வேலை கெடும். இன்றுவரை இது ஒவ்வொரு நிறுவனமும் தன் தேவைக்கேற்பத் தீர்மானிக்கும் ஒன்றாகவே இருக்கிறது.

நூறு கோடிச் சிரிப்பு

விரியும் தன்மை சுருக்கக் கோப்புகளுக்கு மட்டும் உரியதன்று. 1998-இல் தரப்படுத்தப்பட்ட எக்ஸ்.எம்.எல். எனும் ஆவண வடிவத்தில், ஒரு நீண்ட தொடருக்குச் சுருக்கப் பெயரிட்டு, வேண்டிய இடங்களில் அப்பெயரை மட்டும் எழுதும் வசதி உண்டு. படிக்கும் மென்பொருள் பெயர் வரும் இடமெல்லாம் முழுத் தொடரையும் இட்டு நிரப்பிக்கொள்ளும்.

ஒரு பெயரின் பொருளாக வேறு பெயர்களையும் கொடுக்கலாம் என்பதே இதன் வலுவற்ற இடம். 'லால்' எனும் மூன்றெழுத்து ஆங்கிலச் சிரிப்புக்குறியை முதற்பெயராக வையுங்கள். இரண்டாம் பெயரில் முதலாவதைப் பத்து முறை எழுதுங்கள். மூன்றாவதில் இரண்டாவதைப் பத்து முறை. இவ்வாறு ஒன்பது முறை பெருக்கினால், இறுதிப் பெயர் நூறு கோடி 'லால்'களாக விரியும். ஆவணத்தின் அளவு ஒரு கிலோபைட்டுக்கும் குறைவு. விரிந்தபின் ஏறத்தாழ மூன்று ஜிகாபைட்டு. இதனால் இதற்கு 'நூறு கோடிச் சிரிப்பு' எனும் பொருள்தரும் பெயர் ஏற்பட்டது. 2002-இலேயே சுட்டிக்காட்டப்பட்ட இக்குறைபாடு, பல மென்பொருள்களில் பல ஆண்டுகள் கழித்தே அடைக்கப்பட்டது. 2019-இல் குபெர்னெட்டிஸ் எனும் வழங்கி மேலாண்மை மென்பொருளிலும், யாமல் எனும் வேறொரு கோப்பு வடிவம் வழியாக இதே குறைபாடு மீண்டும் கண்டறியப்பட்டது. ஒரு வடிவத்தில் கற்ற பாடம் அடுத்த வடிவத்துக்குத் தானாகப் போய்ச்சேர்வதில்லை.

படக் கோப்புகளும் விலக்கல்ல. 50,000 புள்ளி அகலமும் 50,000 புள்ளி உயரமும் கொண்ட, ஒரே நிறமுள்ள கருப்பு-வெள்ளை பி.என்.ஜி. படத்தை ஏறத்தாழ மூன்று லட்சம் பைட்டுக்குள் அடக்கிவிடலாம். அதைத் திரையில் காட்ட, புள்ளிக்கு நான்கு பைட்டு வீதம் ஒதுக்கும் மென்பொருளுக்குப் பத்து ஜிகாபைட்டு நினைவகம் தேவைப்படும். இதனாலேயே பைத்தான் மொழியில் படங்களைக் கையாளப் பயன்படும் பில்லோ எனும் நிரலகம், ஏறத்தாழ 8.9 கோடிப் புள்ளிகளைத் தாண்டும் படத்தைக் கண்டால் எச்சரிக்கிறது. அதன் இருமடங்கைத் தாண்டினால் திறக்க மறுக்கிறது.

2019: அடுக்கில்லாத குண்டு

அடுக்கு வரம்பு வந்தபின் 42.ஜிப் பெரும்பாலும் செல்லாக்காசானது. அடுக்கே இல்லாமல் விரியும் கோப்பு 1,032 மடங்கைத் தாண்ட முடியாது என்பதே பொதுவான நம்பிக்கையாக இருந்தது. 2019 சூலையில் டேவிட் ஃபிஃபீல்ட் எனும் ஆய்வாளர் அந்நம்பிக்கையை உடைத்தார்.

ஜிப் கோப்பின் இறுதியில் ஒரு பட்டியல் இருக்கும். உள்ளே என்னென்ன கோப்புகள் உள்ளன, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் தொடங்குகிறது, விரித்தால் எவ்வளவு வரும் என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். விரிக்கும் மென்பொருள் பட்டியலைப் படித்து, அது காட்டும் இடத்துக்குப் போகும். ஒவ்வொரு வரியும் தனித்தனி இடத்தைக் காட்டும் என்பது எழுதப்படாத எதிர்பார்ப்பு. ஃபிஃபீல்ட் ஆயிரக்கணக்கான வரிகளை எழுதி, அவை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே சுருக்கத் தரவைக் காட்டும்படி அமைத்தார். ஒரே மனையை ஆயிரம் பேருக்குத் தனித்தனிப் பத்திரத்தில் எழுதிக்கொடுத்தது போன்ற வேலை. ஒவ்வொரு பத்திரத்தையும் தனியே பார்த்தால் குற்றமில்லை; எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் மோசடி புலப்படும்.

விளைவு, பத்து மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைந்த கோப்பு ஒரே அடுக்கில் 281 டெராபைட்டாக விரிந்தது. இது ஏறத்தாழ 2.8 கோடி மடங்கு. பெரிய கோப்புகளுக்கான ஜிப் நீட்சியைப் பயன்படுத்தி, 46 மெகாபைட்டுக் கோப்பு 4.5 பெட்டாபைட்டு ஆகும்படியும் அவர் செய்து காட்டினார். இவ்வாய்வு அதே ஆண்டு யூஸ்னிக்ஸ் அமைப்பின் கருத்தரங்கில் அளிக்கப்பட்டது.

லினக்ஸ் கணினிகளில் பரவலாகப் பயன்படும் 'அன்ஜிப்' நிரலில் இது ஒரு பாதுகாப்புக் குறைபாடாகப் பதிவாகி, சி.வி.இ-2019-13232 எனும் எண்ணைப் பெற்றது. டிஃப்லேட் முறைக்கான ஸீலிப் நிரலகத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரும், நாசாவின் 'ஸ்பிரிட்' செவ்வாய் ஊர்தித் திட்டத்தில் மேலாளராகப் பணியாற்றியவருமான மார்க் ஆட்லர் இதற்குத் திருத்தம் எழுதினார். கோப்பின் எந்தெந்தப் பகுதி ஏற்கெனவே ஒருவருக்கு உரியதாகக் காட்டப்பட்டுவிட்டது என்று குறித்துக்கொண்டே போய், அதே பகுதியை இன்னொரு வரி கோரினால் மறுப்பதே அத்திருத்தம். மனை வாங்குமுன் வில்லங்கம் பார்ப்பதற்கு ஒப்பானது.

திருத்தத்திலும் ஒரு சிக்கல் வந்தது. ஃபயர்பாக்ஸ் உலாவியோடு வரும் ஒரு ஜிப் வகைக் கோப்பில், வேகம் கருதிப் பட்டியல் இறுதியில் இல்லாமல் தொடக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. தர ஆவணத்தின்படி அது முறையன்று. ஆனால் யாருக்கும் தீங்கு செய்யாதது. புதிய சரிபார்ப்பு அதையும் குண்டு என்று சொல்லிவிட்டது. ஆட்லர் மறுபடியும் திருத்த வேண்டியதாயிற்று. முறைபிறழ்ந்த கோப்பு எல்லாம் தீய கோப்பு அன்று என்பதே கோப்புச் சரிபார்ப்பின் ஓயாத தலைவலி.

வடிவத்தை விட்டு நேரத்தை அளந்தது

கட்டற்ற ஆன்டிவைரஸ் மென்பொருளான கிளாம்ஏவி, உலகெங்கும் மின்னஞ்சல் வழங்கிகளில் பயன்படுவது. ஃபிஃபீல்டின் குண்டு அதன் சோதனை நேரத்தையும் அளவின்றி நீட்டியது. 2019 ஆகஸ்டில் வெளியான 0.101.3 பதிப்பு, ஒன்றன்மேல் ஒன்று படியும் கோப்புகளைக் கண்டறியும் திருத்தத்தைக் கொண்டிருந்தது. ஆனால் அத்திருத்தத்தை ஏய்க்கும் வழி உடனேயே காட்டப்பட்டது. அதே மாதத்தில் வந்த 0.101.4 பதிப்பில் உருவாக்குநர்கள் அணுகுமுறையையே மாற்றினர். ஒரு கோப்பைச் சோதிக்க இவ்வளவு நேரம்தான் என வரம்பு வைத்தனர். இயல்பான வரம்பு இரண்டு நிமிடம்.

முதல் திருத்தம் "இந்தக் கோப்பு குண்டா?" என்று கேட்டது. இரண்டாவது, "இந்தக் கோப்புக்காக நான் எவ்வளவு செலவிடத் தயார்?" என்று கேட்டது. முதற்கேள்விக்குச் சரியான விடை காண, தாக்குபவரின் எல்லாத் தந்திரங்களையும் முன்கூட்டி அறிந்திருக்க வேண்டும். இரண்டாம் கேள்விக்கு விடை காவலரின் கையிலேயே இருக்கிறது.

நேர வரம்பும் முழுத் தீர்வாகிவிடவில்லை. 2023 ஆகஸ்டில் அதே கிளாம்ஏவியில் வேறொரு குறைபாடு வெளியிடப்பட்டது. ஆப்பிள் கணினிகளின் எச்.எஃப்.எஸ்.+ எனும் வட்டு வடிவத்தைப் படிக்கும் பகுதியில், ஒரு கோப்பு விரிந்து முடிந்ததா என்று பார்க்கும் சோதனை தவறாக இருந்தது. அதற்கேற்ப அமைத்த கோப்பைக் கொடுத்தால் மென்பொருள் சுழலில் சிக்கிப் பதிலளிக்காமல் நின்றுவிடும். காவல் மென்பொருள் எத்தனை வகைக் கோப்புகளைப் படிக்கக் கற்கிறதோ, அத்தனை புதிய வாயில்கள் அதற்கு உண்டாகின்றன.

இவ்வாயில்களை முன்கூட்டியே கண்டறிய மில்லரின் முறை மீண்டும் கைகொடுத்தது. 2013-இல் மிஹாவ் ஸலெவ்ஸ்கி வெளியிட்ட ஏ.எஃப்.எல். எனும் கருவி, கண்மூடித்தனமாகக் குறிகளை வீசாமல், எந்த மாற்றம் நிரலுக்குள் புதிய பாதையைத் திறக்கிறது என்று கவனித்து அதையே மேலும் வளர்த்தது. 'ஹலோ' எனும் ஒற்றைச் சொல் கொண்ட கோப்பிலிருந்து தொடங்கி, அக்கருவி தானாகவே செல்லத்தக்க ஜேபெக் படங்களை உருவாக்கியதை 2014-இல் அவர் காட்டினார். 2016 முதல் கூகுள் நிறுவனம், முதன்மையான கட்டற்ற மென்பொருள்களை இம்முறையில் இடைவிடாது சோதிக்கும் ஓ.எஸ்.எஸ்.-ஃபஸ் எனும் சேவையை நடத்திவருகிறது.

2024 சூலை 19

நிரல் நின்றுபோவது சிறிய குறைபாடு என்ற பழைய எண்ணத்துக்கு 2024-இல் முற்றுப்புள்ளி விழுந்தது. இங்கே தாக்கியவர் யாரும் இல்லை. சுருக்கக் குண்டும் இல்லை. ஆனால் கோப்பை நம்பிய காவல் மென்பொருளின் கதையே இதுவும்.

கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் ஃபால்கன் எனும் பாதுகாப்பு மென்பொருள், விண்டோஸ் இயங்குதளத்தின் உட்கருவுக்குள் இருந்து செயல்படுவது. புதிய தாக்குதல் முறைகளை அதற்குக் கற்பிக்க, நிறுவனம் அவ்வப்போது சிறிய விதிக் கோப்புகளை இணையம் வழியே அனுப்பும். 2024 சூலை 19 அன்று இந்திய நேரம் காலை 9.39-க்கு 291 எனும் எண்ணுள்ள அத்தகைய கோப்பு ஒன்று அனுப்பப்பட்டது. அதிலிருந்த ஒரு விதி 21-ஆவது புலத்தை ஒப்பிடச் சொன்னது. கணினியிலிருந்த மென்பொருளோ 20 புலங்களை மட்டுமே வழங்கியது. இருபது இலை போட்ட பந்தியில் இருபத்தோராவது இலைக்குப் பரிமாறப் போனதுபோல, மென்பொருள் தனக்குரிய எல்லைக்கு அப்பாலுள்ள நினைவகத்தைப் படித்தது. உட்கருவுக்குள் நேரும் இத்தகைய பிழையை விண்டோஸ் பொறுத்துக்கொள்ளாது. கணினி முழுவதும் நீலத்திரையோடு நின்றது.

அனுப்புமுன் கோப்பைச் சரிபார்க்க நிறுவனத்திடம் ஒரு கருவி இருந்தது. 21 புலங்களும் வழங்கப்படும் என்றே அதுவும் கருதியது. இதே வகையில் முன்பு அனுப்பிய விதிகளில் 21-ஆவது இடம் எதற்கும் பொருந்தும் பொதுக்குறியாக இருந்ததால், பிழை வெளிப்படாமல் உறங்கிக்கிடந்தது.

காலை 10.57-க்குக் கோப்பு திரும்பப் பெறப்பட்டது. 78 நிமிடங்களே கடந்திருந்தன. அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. அவற்றுள் பல, தொடங்கும்போதே விழுந்து, மறுபடி தொடங்கி, மறுபடி விழுந்தன. எனவே தொலைவிலிருந்து திருத்தக் கோப்பை அனுப்பிப் பயனில்லை. பெரும்பாலானவற்றில் ஒருவர் நேரில் அமர்ந்து, பாதுகாப்பு முறையில் கணினியைத் தொடங்கி, அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் மட்டும் அடுத்த சில நாட்களில் சுமார் 7,000 விமானப் பயணங்களை இரத்து செய்தது. பல நாடுகளில் மருத்துவமனைகள் அவசரமற்ற சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய நுழைவுச் சீட்டுகள் வழங்கப்பட்டன. பத்து வங்கிகளிலும் வங்கிசாரா நிதி நிறுவனங்களிலும் சிறு இடையூறுகள் நேர்ந்ததாக இந்திய ரிசர்வ் வங்கி தெரிவித்தது.

எந்தத் தரவும் திருடப்படவில்லை. எந்தக் கடவுச்சொல்லும் கசியவில்லை. நிரல் நின்றது, அவ்வளவே.

தற்காப்பு நெறிகள்

இவ்வரலாற்றிலிருந்து மென்பொருள் எழுதுவோரும் வழங்கிகளைப் பராமரிப்போரும் கைக்கொள்ளும் நெறிகள் சில உருவாகியுள்ளன.

முதலாவது, கோப்பு தன்னைப் பற்றிச் சொல்வதைச் சான்றாகக் கொள்ளாமல் கூற்றாக மட்டும் கொள்வது. "விரித்தால் ஒரு மெகாபைட்டு" என்று தலைப்பில் எழுதியிருந்தாலும், விரிக்கும்போதே வெளிவரும் பைட்டுகளை எண்ணி, வரம்பு வந்ததும் நிறுத்த வேண்டும்.

இரண்டாவது, நினைவகம், வட்டு, நேரம், அடுக்கு ஆகிய நான்குக்கும் தனித்தனி வரம்பு வைப்பது. அடுக்கை மட்டும் கவனித்தவர்களை அடுக்கில்லாத குண்டு வீழ்த்தியது.

மூன்றாவது, கோப்பைப் படிக்கும் பகுதியைத் தனி அறையில் வைப்பது. அப்பகுதி விழுந்தாலும் மற்ற சேவைகள் நிற்கக்கூடாது. உட்கருவுக்குள் வைத்துப் படிப்பதன் விலை 2024-இல் தெரிந்தது.

நான்காவது, தன்னிடமிருந்தே வரும் கோப்பையும் சோதிப்பது. புதுக் கோப்பை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல், சிறு குழுவுக்கு முதலில் அனுப்பிப் பார்ப்பது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனமும் அந்நிகழ்வுக்குப் பின் படிப்படியாக அனுப்பும் முறைக்கு மாறுவதாக அறிவித்தது.

இன்று நாம் அன்றாடம் கையாளும் வேர்டு, எக்ஸெல் ஆவணங்களும், மின்னூல்களும், ஆண்ட்ராய்டு செயலிகளும் உள்ளுக்குள் ஜிப் கோப்புகளே. ஒரு விண்ணப்பத்தைப் பதிவேற்றுங்கள் என்று கேட்கும் ஒவ்வொரு இணையதளமும், முன்பின் அறியாத ஒருவர் தரும் மூட்டையைப் பிரிக்க ஒப்புக்கொள்கிறது. மூட்டையின் மேல் எழுதியிருக்கும் எடையை நம்பித் தலையில் ஏற்றிக்கொள்வதா, தராசில் வைத்துப் பார்ப்பதா என்பதை அத்தளத்துக்கு நிரல் எழுதுபவரே முடிவு செய்கிறார்.